வார்டில் பரிவைக் கற்பிப்பது எப்படி? நர்சிங் ஆசிரியை ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: இராமநாதபுரம் கடலோரத்தில் கிறிஸ்தவ நிர்வாகத்தின் கீழ் இயங்கும் ஒரு சிறிய நர்சிங் கல்லூரியில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டாம் ஆண்டு மாணவியருக்கு வாரம் ஒரு மணி நேரம் 'பரிவும் கிறிஸ்தவ விழுமியங்களும்' என்ற வகுப்பை எடுக்கும்படி நிர்வாகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. வேத வசனங்களை வாசித்து விளக்குகிறேன், அறிவுரை சொல்கிறேன். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு மணி அடிப்பதற்காகக் காத்திருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். சென்ற மாதம், கடல்பாசி எடுக்கப் போய்க் கடலடிப் பாறையில் கால் கிழிந்து, சர்க்கரை நோயால் புண் ஆறாமல் வார்டில் சேர்ந்திருந்த வயதான அம்மா ஒருவருக்கு என் மாணவி ஒருத்தி டிரெஸ்ஸிங் செய்தாள். "விரலை எடுத்துருவாகளா தாயி?" என்று அந்த அம்மா இரண்டு முறை கேட்டார். அவள் ஒன்றும் சொல்லாமல் கட்டை முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். பரிவைக் கற்பிக்க முடியுமா? இலக்கியம், கலை வழியாகக் கற்பிக்கலாம் என்று ஒரு கருத்தரங்கில் கேள்விப்பட்டேன். ஆனால் நான் இலக்கியம் படித்தவள் இல்லை. உடன் பணிபுரிவோர், "கைவேலை சுத்தமாக இருந்தால் போதும், மற்றது தானாக வரும்" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மாணவியிடமிருந்தே தொடங்குகிறேன். அவளுக்கு இரக்கம் இல்லை என்று நீங்கள் அஞ்சுவது கடிதத்தில் தெரிகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்னால் ஆசிரியை நிற்க, கிருமி படாமல் கட்டுப்போட வேண்டிய இரண்டாம் ஆண்டுப் பிள்ளையின் மனம் முழுவதும் பஞ்சைப் பிடிக்கும் ஃபோர்செப்ஸின் நுனியில்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவளிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு 'ஆம்' என்று சொல்லவும் அவளுக்கு அதிகாரமில்லை, 'இல்லை' என்று சொல்லவும் அதிகாரமில்லை. இரண்டும் இல்லாத இடத்தில் ஒரு செவிலி என்ன சொல்லலாம் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் அவளுக்குக் காட்டியிருக்காது. ஆகவே அவளைத் தனியே அழைத்து, "அந்த அம்மா கேட்டது உன் காதில் விழுந்ததா? விழுந்தபோது உனக்கு என்ன தோன்றியது?" என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்லப்போகும் பதிலில் உங்கள் ஆண்டு முழுவதற்குமான பாடம் இருக்கக்கூடும். கண்டித்தால் அவள் அடுத்த முறை ஒரு புன்னகையைப் பூசிக்கொண்டு அதே மௌனத்தோடு வேலையை முடிப்பாள். அது இப்போதிருப்பதைவிட மோசம்.

பரிவைக் கற்பிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும் என்றே நம்புகிறேன், அதைக் கவனிக்கும் பழக்கமாகக் கற்பித்தால். உணர்ச்சியை ஆணையிட்டு வரவழைக்க யாராலும் இயலாது. ஆனால் நோயாளியின் முகத்தைப் பார்ப்பது, அவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருப்பது, கேட்டதற்கு ஏதேனும் மறுமொழி சொல்லாமல் கட்டிலை விட்டு நகராதிருப்பது ஆகிய மூன்றும் பயிற்சியால் வரக்கூடியவை. பயிற்சி தொடர்ந்தால், பெரும்பாலான பிள்ளைகளிடம் உணர்வும் பின்னாலேயே வந்து சேர்கிறது. கதையும் ஓவியமும் வரலாறும் உங்களுக்கு உதவுவது இந்தப் பயிற்சியில்தான். வார்டில் ஒருவரின் துன்பத்தை நிறுத்திவைத்து மீண்டும் பார்க்க முடியாது. கதையில் அதே பக்கத்துக்குத் திரும்பிப் போகலாம், முதலில் கண்ணில் படாததை இரண்டாவது முறை காணலாம், தவறாகப் புரிந்துகொண்டாலும் யாருக்கும் காயமில்லை. நீங்கள் இலக்கியம் படிக்கவில்லை என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இதற்கு வேண்டியது இலக்கணமும் திறனாய்வும் தெரிந்தவரைவிட, வார்டைத் தெரிந்த ஒருவர்.

வேதாகமத்தையே முதலில் எடுங்கள், ஆனால் அறிவுரையாக எடுக்காமல் ஒரு நோயாளியின் கதையாக எடுங்கள். லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியன் கதை உங்கள் கிறிஸ்தவ மாணவியருக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரியும்: கள்ளர் அடித்து வழியில் போட்டுவிட்டுப் போன ஒருவனை, ஆலயப் பணி செய்யும் ஆசாரியனும் லேவியனும் கண்டு விலகிப் போக, வேற்று இனத்தானாகிய ஒரு சமாரியன் காப்பாற்றும் கதை. தெரிந்த கதை என்பதாலேயே அதை யாரும் கவனித்து வாசிப்பதில்லை. அந்தச் சமாரியன் என்னென்ன செய்தான் என்று வரிசையாகப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். கண்டான், மனதுருகினான், கிட்ட வந்தான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினான், தன் வாகனத்தின்மேல் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்தான், மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் போனான். எழுதி முடித்ததும், இந்தப் பட்டியலில் எது உணர்ச்சி, எது வேலை என்று கேளுங்கள். மனதுருகியது ஒன்றுதான் உணர்ச்சி. மற்ற எல்லாம் நீங்கள் செவிலியத்தின் அடிப்படைகளாக முதலாம் ஆண்டில் கற்பித்தவை: காயத்தைக் கழுவுதல், கட்டுதல், நோயாளியைத் தூக்கி மாற்றுதல், இரவு கண்விழித்தல், அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்தல். ஆசாரியனும் லேவியனும்கூட அடிபட்டவனைக் கண்டவர்கள்தாம் என்பதையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பார்வையில் குறையில்லாத அந்த இருவரும் ஏன் விலகிப் போனார்கள் என்ற விவாதத்தில் பயம், அவசரம், 'இது என் டூட்டி இல்லை' என்ற நினைப்பு எல்லாம் வெளியே வரும். அப்போது நீங்கள் இடையில் புகுந்து தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அடுத்த வாரம் அதே கதையை ஓவியமாகக் காட்டுங்கள். வின்சென்ட் வான்கோ 1890 மே மாதத்தில், தென் பிரான்சின் செயின்ட் ரெமியில் மனநோய் விடுதி ஒன்றில் தாமே நோயாளியாகத் தங்கியிருந்த கடைசி நாட்களில், டெலாக்ருவா என்ற முன்னோடியின் படத்தைப் பின்பற்றி நல்ல சமாரியனை வரைந்தார். கைப்பேசியில் தேடினாலே கிடைக்கும். ஒரு தாளில் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். சில நிமிடங்கள் யாரும் பேசாமல் பார்க்க வேண்டும். பிறகு, பார்த்ததை மட்டுமே சொல்ல வேண்டும், பொருள் சொல்லக் கூடாது. குதிரையின்மேல் ஏற்றப்படுகிறவன் தன்னால் எதுவும் செய்ய முடியாமல் சமாரியனின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறான். தூக்குகிறவனின் முதுகு பின்னோக்கி வளைந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு பெட்டி திறந்து வெறுமையாகக் கிடக்கிறது. தூரத்துப் பாதையில் முன்னே போனவர்கள் சிறிய உருவங்களாகத் தெரிகிறார்கள். "சார், இவர் தூக்குகிற முறை தவறு, முதுகு பிடித்துக்கொள்ளும்" என்று ஒரு மாணவி எழுந்து சொன்னதாக ஆண் ஆசிரியர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். அவள் சொன்னது மிகச் சரி. பரிவோடு தூக்குகிறவருக்கும் முதுகு வலிக்கும், அதற்கும் முறை உண்டு என்ற பேச்சுக்கு அவளே வழி திறந்துவிட்டாள்.

இதோடு பிக்காசோ தமது 15ஆம் வயதில், 1897இல் வரைந்த 'அறிவியலும் அறமும்' என்ற ஓவியத்தையும் ஒருமுறை காட்டலாம். கட்டிலின் ஒரு பக்கம் மருத்துவர் நாடி பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். மறுபக்கம் ஒரு கன்னியர் நோயாளியின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கோப்பையை நீட்டுகிறார். அந்தக் குழந்தையை அவர் ஏன் தூக்கி வைத்திருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் (950), மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் என்று கணக்கிடுகிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, பக்கத்தில் இருந்து அதைக் கொடுப்பவர். நம் மொழியின் மிகப் பழைய அறநூல் ஒன்று செவிலியை மருத்துவருக்குச் சமமாக எண்ணியிருக்கிறது என்பது உங்கள் மாணவியரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பள்ளியில் 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்ற குறளை மனப்பாடம் செய்தவர்கள், இரண்டு குறள் தள்ளித் தங்களைப் பற்றியே எழுதியிருப்பதைப் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

நீண்ட கதை ஒன்றை ஒரு பருவம் முழுவதும் வாசிக்க விரும்பினால், டால்ஸ்டாய் 1886இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்' போதும். வேறு ஒன்றும் தேடாதீர்கள். நீதித்துறை அதிகாரி ஒருவர் தீராத நோயில் விழுந்து சாகிறார், கதை அவ்வளவுதான். மருத்துவர்கள் வருகிறார்கள், போகிறார்கள். மனைவியும் நண்பர்களும் 'சாதாரண நோய், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சரியாகிவிடும்' என்ற பாவனையை விடாமல் நடத்துகிறார்கள். அந்தப் பொய்தான் அவரை நோயைவிட அதிகமாக வதைக்கிறது. அந்த வீட்டில் அவருக்கு ஆறுதல் தருவது கெராசிம் என்ற இளம் வேலைக்காரன் ஒருவன் மட்டுமே. அவருடைய மலச்சட்டியை எடுத்துச் சுத்தம் செய்வது அவன் வேலை. எசமானர் வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்கும்போது, உடம்புக்கு முடியாதவருக்கு இதைச் செய்யாமல் இருப்பதா என்பதுபோல் அவன் இயல்பாகப் பேசிக்கொண்டு வேலையை முடிக்கிறான். காலை உயர்த்திப் பிடித்தால் அவருக்கு வலி குறைவதுபோல் இருக்கிறது என்பதற்காக, அவர் கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு இரவில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறான். சாவு வரப்போகிறது என்பதை மறைக்காத ஒரே ஆளும் அவன்தான். பெட்பேன் கொடுப்பதைத் தாழ்ந்த வேலையாக நினைத்து உள்ளுக்குள் குமையும் பிள்ளைகள் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்ததை அந்த வேலைக்காரன் சில பக்கங்களில் செய்துவிடுவதை வகுப்பில் கண்டிருக்கிறேன். மருத்துவர் பேசும் இடங்களையும் கெராசிம் பேசும் இடங்களையும் இரண்டு மாணவியரை மாற்றி மாற்றி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், விளக்கவுரை தேவைப்படாது.

இப்போது, "விரலை எடுத்துருவாகளா?" என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு நம் வார்டுகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில் இரண்டு: ஒன்று மௌனம், மற்றொன்று "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, பயப்படாதீங்க" என்ற சொல். இரண்டாவது பதிலைப் பரிவு என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் வெளியிட்ட 'செவிலியக் குறிப்புகள்' நூலில், நோயாளியிடம் ஆராயாமல் அள்ளிவிடும் நம்பிக்கை வார்த்தைகளையும் அறிவுரைகளையும் கண்டிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அவை நோயாளியைத் தன் பயத்தோடு தனியே விட்டுவிடுகின்றன என்று அவர் கண்டிருந்தார். நோயாளி கழுத்தைத் திருப்பாமல் பார்க்கக்கூடிய இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள், கட்டிலில் சாயாதீர்கள் என்று அதே நூலில் அவர் சொல்லும் சிறு குறிப்புகளும் அந்த அக்கறையிலிருந்தே பிறந்தவை. வேதாகமத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உடலெல்லாம் புண்ணாய்க் கிடந்த யோபுவின் நண்பர்கள் கதையையும் இங்கே வாசிக்கலாம். அவர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான், "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு கதற வேண்டியதாயிற்று. நோய்க்குப் பாவத்தைக் காரணம் சொல்லும் பழக்கம் நம் கிறிஸ்தவ வீடுகளிலும் இருப்பதால், இந்தப் பகுதியை நீங்கள் விட்டுவிடாமல் வாசிக்க வேண்டும்.

வாசித்த பின், சொற்களைப் பழகச் செய்யுங்கள். "எனக்குத் தெரியலம்மா. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று உங்களிடம் வந்து சொல்கிறேன். விரலைப் பற்றி ரொம்பப் பயமாக இருக்கிறதா?" என்பதை ஒரு பிள்ளை தன் வாயால், தன் ஊர்ப் பேச்சில், மற்றொரு பிள்ளையைக் கட்டிலில் படுக்கவைத்துச் சொல்லிப் பழக வேண்டும். சொன்னபடி திரும்பி வந்து சொல்லவும் வேண்டும். அந்த அம்மா கால்விரல் போய்விடும் என்பதற்காக மட்டும் பயப்படுபவராக இருக்க மாட்டார். பாறையில் கால் ஊன்றி, மூச்சை அடக்கி, துணி சுற்றிய கைவிரல்களால் பாசியைப் பறித்துப் பிழைக்கும் பெண்ணுக்குக் கால்விரல் போவது என்பது தொழில் போவது. எரிக்கோவில் வழியோரம் உட்கார்ந்து கூப்பிட்ட குருடனிடம் இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்" என்று கேட்டதாக மாற்கு எழுதுகிறார். பார்வை வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, எதற்குக் கேட்க வேண்டும்? இந்தக் கேள்வியை வகுப்பின் நடுவில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

பாதிப் பேர் வேறு மதத்தினர் என்ற உங்கள் தயக்கம் நியாயமானது. அரசமைப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் எவரையும் அவருடைய ஒப்புதல் இல்லாமல், அவர் வயதுக்கு வராதவரானால் காப்பாளரின் ஒப்புதல் இல்லாமல், சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் செய்யக் கூடாது என்கிறது. ஆகவே வகுப்பில் வழிபாட்டைச் சேர்க்காதீர்கள். அதே சமயம் உங்கள் விசுவாசத்தை மறைத்துவிட்டு, யாருக்கும் உறுத்தாத பொதுவான நன்னெறி வகுப்பாக இதை மாற்ற வேண்டியதும் இல்லை. "நான் இந்தக் கதைகளில் வளர்ந்தவள், அதனால் இவற்றிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் வீட்டில் நோயாளியைப் பற்றிச் சொல்லப்படும் கதையை நீங்கள் கொண்டுவாருங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கீழக்கரையிலிருந்து வரும் முஸ்லிம் பிள்ளை, நோயாளியைப் போய்ப் பார்த்து நலம் விசாரிப்பதைத் தன் மார்க்கம் கடமையாகவே வைத்திருப்பதை எடுத்துச் சொல்வாள். மணிமேகலையில் ஆபுத்திரன் மதுரையில் பிச்சையெடுத்துச் சேர்த்த சோற்றை உண்ண, "காணார் கேளார் கால்முடப் பட்டோர் பேணுந ரில்லோர் பிணிநடுக் குற்றோர்" எல்லாரும் வருக என்று அழைத்து ஊட்டிய இடத்தைத் தமிழாசிரியர் ஒருவரை அழைத்து வாசிக்கச் சொல்லலாம். நோயுற்றோருக்கு முன்னால், கவனிக்க ஆளில்லாதவர்களைத் தனியே ஒரு பிரிவாக அந்தப் புலவர் சேர்த்திருப்பதை எண்ணிப் பாருங்கள்; உங்கள் வார்டில் துணைக்கு ஆளில்லாமல் கிடக்கும் கட்டில்கள் எவை என்று மாணவியரிடம் கேட்டால் உடனே சொல்வார்கள்.

நோயாளியின் கட்டிலருகே மதப் பிரசாரம் கூடாது என்பதையும் கிறிஸ்தவ மாணவியருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருப்பவரால் எழுந்து போக முடியாது. அவருடைய இயலாமையைப் பயன்படுத்திக்கொள்வது நற்செய்தி ஆகாது. அவரே ஜெபம் செய்யச் சொல்லிக் கேட்டால் செய்யலாம். அவர் தம் சாமி படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தால், விரிப்பு மாற்றும்போது அதை மரியாதையோடு எடுத்து அதே இடத்தில் வைக்கும் கை, என் கணக்கில், கிறிஸ்தவக் கைதான்.

உங்கள் மாவட்டத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அதைக் கற்பிக்காமல் ஒரு செவிலியை இங்கிருந்து வெளியே அனுப்பக் கூடாது என்று நினைக்கிறேன். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. பின்னாளில் வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவிலும் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. மனநலப் பிரிவு போஸ்டிங்குக்குப் போவதற்கு முன் மாணவியர் இதைப் படிக்க வேண்டும். குற்றவாளியைத் தேடும் வகுப்பாக அதை நடத்திவிடாதீர்கள். ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தினரும், பல மாநிலத்தவரும் நோய் தீரும் என்ற நம்பிக்கையோடு வந்தார்கள். அழைத்துவந்து விட்டுப் போனவர்களில் பலர் வீட்டில் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போன தாய்களும் தமையன்களும். அன்புள்ளவர்களின் கைகளே சங்கிலியை ஏற்றுக்கொள்ளும் நிலை எப்படி வருகிறது, அங்கே ஒரு செவிலியின் இடம் எது என்பதுதான் கேள்வி. இதோடு மாற்கு 5ஆம் அதிகாரத்தைச் சேர்த்து வாசிக்கலாம்: கல்லறைகளில் வாழ்ந்த, சங்கிலிகளால் கட்டிப் பார்த்த மனிதன், கடைசியில் வஸ்திரந்தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறான்; இயேசு அவனை அவன் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். உடையும், உட்காரும் இடமும், வீட்டுக்குத் திரும்புதலும் இன்றைய மனநல மறுவாழ்விலும் முதன்மையானவை. ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தப் பகுதியில் வரும் அசுத்த ஆவியை மனநோய்க்கு விளக்கமாக யாரும் எடுத்துக்கொள்ள நீங்கள் இடம் கொடுக்கக் கூடாது. பேய் என்ற விளக்கத்தால் மருந்து தாமதமான நோயாளிகளை இந்தக் கடலோரத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கேட்கும் பழக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது புத்தகம் இல்லாத ஒரு பயிற்சி. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து போன ரயிலை அலை பயணிகளோடு கொண்டுபோயிற்று. அந்த இரவை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இராமேசுவரம், தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். விடுமுறையில் வீட்டுக்குப் போகும் மாணவி, தன் உறவிலோ தெருவிலோ ஒரு முதியவரிடம் அந்த இரவைப் பற்றியோ, அவர் பட்ட பெரிய நோய் ஒன்றைப் பற்றியோ கேட்க வேண்டும். ஒரு கேள்விதான் கேட்கலாம். நடுவில் குறுக்கிடக் கூடாது, அவர் நிறுத்தினால் அவரே தொடரும்வரை காத்திருக்க வேண்டும், கைப்பேசியில் பதிவு செய்யக் கூடாது. பிறகு அவர் சொன்ன சொற்களிலேயே நினைவிலிருந்து ஒரு பக்கம் எழுத வேண்டும்: 'மூச்சுத்திணறல்' என்று மாற்றாமல், 'நெஞ்சு மேல கல்லைத் தூக்கி வச்ச மாதிரி' என்று அவர் சொல்லியிருந்தால் அப்படியே. கேஸ் ஹிஸ்டரி எடுக்கும்போது நாம் எவ்வளவு விரைவில் நோயாளியின் பேச்சை வெட்டிவிடுகிறோம் என்பது இதைச் செய்தவர்களுக்கு மட்டுமே விளங்கும். ஒப்பாரி தெரிந்த பாட்டி யாராவது கிடைத்தால் அதையும் கேட்டு வரட்டும். இறப்பு நேர்ந்த கட்டிலருகே உறவினர் கதறும்போது "சத்தம் போடாதீங்க" என்று முதலில் சொல்லத் தோன்றும் செவிலிக்கு, அந்தச் சத்தத்துக்குள் ஓர் ஒழுங்கும் ஒரு வாழ்க்கை வரலாறும் இருப்பது தெரிந்திருந்தால், அவர் முதலில் ஸ்கிரீனை இழுத்துவிட்டு, ஒரு நாற்காலியைக் கொண்டுவருவார்.

கைவேலை போதும் என்கிற உங்கள் சக ஆசிரியர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் சொல்வதில் பாதி சரி. கட்டத் தெரியாதவரின் பரிவு புண்ணை ஆற்றாது. சிசிலி சாண்டர்ஸ் செவிலியாகத் தொடங்கி, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, இறப்பை நெருங்கியவர்களின் வலியைக் குறைக்க வேண்டும் என்பதற்காகவே பிறகு மருத்துவமும் படித்து, 1967இல் லண்டனில், இறப்பை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. வலி தாங்க முடியாமல் கதறிய பின் ஊசி போடுவதை விட்டு, வலி திரும்புவதற்கு முன்பே மணிக்கணக்குப் பார்த்து மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். உடல், மனம், குடும்பம், ஆன்மா நான்கின் வேதனையையும் சேர்த்தே வலி என்று பார்க்கவும் கற்பித்தார். நோயாளிகள் பேசியதை உட்கார்ந்து கேட்டதால்தான் அவருக்கு மருந்தின் கணக்கும் பிடிபட்டது. உங்கள் சக ஆசிரியர்களுக்கு இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

களைத்த பிள்ளைகளிடம் பரிவை எதிர்பார்ப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரவு டூட்டி முடித்து, சாப்பிடாமல், கண் எரிய உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த மணி நேரத்தில் பாடம் ஏறாது. சீடர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லாதிருந்தபோது, "தனித்து சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று இயேசு அழைத்ததாக மாற்கு 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை மாணவியருக்கு வாசிப்பதைவிட, டூட்டி அட்டவணை போடுகிறவரிடம் வாசித்துக் காட்டுவது பயன் தரும். உங்கள் விடுதியில் காய்ச்சலில் படுத்த மாணவிக்குக் கஞ்சி கொடுத்தது யார் என்பதிலிருந்துதான் பிள்ளைகள் உங்கள் நிர்வாகத்தின் விழுமியங்களை அறிந்துகொள்வார்கள். மனம் வறண்டுபோகும் நாட்களும் அவர்களுக்கு வரும். கடலோரக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு, இயேசு சிலுவை சுமந்து போன வழியை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப் பாதை தவக்காலத்தில் பழக்கமானது. ஆறாம் நிலையில் வெரோனிக்கா என்ற பெண் தானாக ஓடிவந்து இயேசுவின் முகத்தைத் துடைக்கிறாள். அதற்கு முந்தைய நிலையில் சீரேனே ஊரானாகிய சீமோன், வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவன், பலவந்தமாகப் பிடிக்கப்பட்டுச் சிலுவையைச் சுமக்கிறான். வெரோனிக்கா நற்செய்தி நூல்களில் இல்லை, மரபில் வந்தவள். சீமோனோ நற்செய்தியிலேயே இருக்கிறான். அட்டவணையில் பெயர் வந்ததற்காக மட்டுமே வார்டுக்குப் போகும் நாளில், தன் இடம் சீமோனின் இடம் என்று ஒரு பிள்ளை எண்ணிக்கொண்டால் அவளுக்குக் குற்ற உணர்ச்சி குறையும்; அவன் சுமந்த பாரமும் பாரம்தான்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். பரிவுக்கு மதிப்பெண் போடாதீர்கள்; போட்டால் நடிப்பு வளரும். கவனிப்புக்குப் போடலாம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா சாரன் என்ற மருத்துவர் தம் மாணவர்களை, கேஸ் ஷீட்டில் இடம்பெற முடியாத, ஆனால் எங்காவது எழுதியே ஆக வேண்டியவற்றைத் தனித்தாளில் எழுதச் செய்தார். அதே போல் வாரம் ஒரு பக்கம் எழுதட்டும். நோயாளி சொன்ன ஒரு வாக்கியம் அப்படியே இருக்கிறதா, அறையில் கண்ட ஏதேனும் ஒன்று குறிப்பாக எழுதப்பட்டிருக்கிறதா, அதனால் அந்த நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தில் (கேர் பிளான்) ஏதாவது மாறியதா என்று பார்த்து மதிப்பிடுங்கள். எழுதியவளின் நல்ல மனத்தையோ பக்தியையோ அளக்க வேண்டாம். நிர்வாகம் பாடத்திட்டத்தில் இதற்கு இடம் எங்கே என்று கேட்டால், இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் திருத்திய பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தின் நான்காம் பருவத்தில் தொழில் விழுமியங்களும் நெறிமுறைகளும் ஒரு பாடமாகவே இருப்பதையும், மனித விழுமியங்கள் விருப்பப் பாடமாக இருப்பதையும் எடுத்துக் காட்டுங்கள்.

எழுதும் பக்கங்களில் நோயாளியின் பெயர், ஊர், படகின் பெயர் எதுவும் வரக் கூடாது. உங்கள் கடலோரத்தில் 'பாசி எடுக்கிற, காலில் புண் உள்ள அம்மா' என்றாலே யார் என்று மூன்று கிராமத்துக்குத் தெரிந்துவிடும். ஆகவே தொழிலையும் வயதையும்கூட மாற்றி எழுதப் பழக்குங்கள். வகுப்பில் வாசிப்பது எழுதியவளின் விருப்பம், கட்டாயப்படுத்த வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதோ, கல்லூரி ஆண்டு மலரில் அச்சிடுவதோ கூடாது. பருவம் முடிந்ததும் தாள்களை அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.